சூடாலையும் பிலாத்துவின் மனைவியும்

பெண்பாற் புலவர் யாவர் என வகுப்பிலே வினவினால், மாணவர் ஔவையாரையும் காக்கைபாடினியாரையும் வெள்ளிவீதியாரையும் கூறுவர், அடுத்துக் காரைக்காலம்மையாரையும் ஆண்டாளையும் கூறுவர், அதன்பின் வாய்மூடியிருப்பர். அவர்மேற் குற்றமில்லை. நாம் கற்பிக்கும் இலக்கிய வரலாறுகளும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே வாய்மூடிக் கொள்கின்றன. ஔவையார் என்னும் பெயரால் வழங்கும் பிற்கால நூல்களை விடுத்துப் பார்த்தால், ஆண்டாளுக்கும் 20ஆம் நூற்றாண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஓராயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. அக்காலத்திலே பரணியும் உலாவும் பிள்ளைத்தமிழும் தலபுராணமும் எத்தனையோ எழுந்தன. அவற்றை இயற்றியோர் பட்டியலிற் பெண்ணின் பெயரைக் காண்பது அரிது.

ஆங்கில இலக்கிய வரலாற்றிலும் இத்தகைய ஓர் இடைவெளி உண்டென நெடுங்காலம் கருதப்பட்டது. எலிசபெத்து அரசியின் காலத்தில் ஆடவர் பலர் கவி பாடப் பெண்கள் ஏன் பாடவில்லை என்ற வினாவை வேர்ஜீனியா வுல்ஃப் 1929ஆம் ஆண்டில் எழுப்பினார். சேக்ஸ்பியருக்கு அவரையொத்த ஆற்றல் வாய்ந்த சகோதரி ஒருத்தி இருந்திருப்பின் அவள் கதி யாதாகியிருக்கும் என்ற கற்பனையால் அதற்கு விடையும் கூறினார். அவ்விடை உருக்கமானது, ஆயினும் முழு உண்மையன்று. பிற்காலத்து ஆய்வாளர் நூலகங்களையும் பழைய கையெழுத்துப் படிகளையும் துருவியபோது, 16ஆம் 17ஆம் நூற்றாண்டுகளில் எழுதிய ஆங்கிலப் பெண்கள் மிகப் பலர் என்பது தெரியவந்தது. அவர்களை முன்னையோர் காணாமைக்குக் காரணம், தேடிய இடம் பிழையானமையே. நாடக மேடையிலும் காதற்கவிதைத் தொகுதிகளிலும் தேடினர். பெண்களோ செபநூலிலும், திருப்பாடல் மொழிபெயர்ப்பிலும், மரண சாட்சியத்திலும் இருந்தனர்.

தமிழிலும் நாம் பிழையான இடத்திற் தேடுகின்றோமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அதற்கு விடை காண ஏறக்குறைய ஒரே நூற்றாண்டைச் சார்ந்த இரு பெண்களை அருகருகே வைத்து நோக்குவாம். ஒருவர் செங்கோட்டை ஆவுடையக்காள். மற்றவர் இலண்டன் நகரத்து எமிலியா லானியர். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க இயலாத இவ்விருவரையும் ஒப்பிடுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926ஆம் ஆண்டிலேயே ‘மதங்க சூளாமணி’ என்ற நூலிற் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு சேர்த்து வைத்து ஆராய்ந்தார். அவர் காட்டிய வழி எமக்குப் போதும்.

ஆவுடையக்காள் வாழ்ந்த காலத்தை அவருடைய குருவின் காலத்தைக் கொண்டே துணிகின்றனர். அக்குரு, கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூரில் வாழ்ந்த ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாள் ஆவர். தஞ்சையை 1684 முதல் 1712 வரை ஆண்ட மராத்திய மன்னன் சகசி, அவ்வூருக்குச் சகசிராசபுரம் எனத் தன் பெயரை இட்டுப் பண்டிதர்களுக்கு வழங்கினான். அப்பண்டிதர் சூழலிலேதான் ஐயாவாளும் வாழ்ந்தார். வடமொழியில் ‘ஆக்யாசஷ்டி’, ‘தயாசதகம்’ முதலிய துதிநூல்களை அவர் இயற்றினார். அவரைப்பற்றி வழங்கும் கதையொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. தந்தையின் திதியன்று அந்தணருக்கென ஆக்கிய உணவை, பசியால் வாடி வந்த புலையன் ஒருவனுக்கு அவர் இட்டுவிட்டார். ஊரார் அதனைப் பெருங் குற்றமாக்கிக் கங்கையில் நீராடி வருமாறு பணித்தனர். கங்கையே அவர் வீட்டுக் கிணற்றிற் பொங்கி எழுந்தது என்பது கதை. கார்த்திகை அமாவாசையன்று அக்கிணற்று நீரில் ஆடுதற்கு இன்றும் மக்கள் திரள்கின்றனர். கதையின் உண்மை எவ்வாறாயினும், தீட்டு என்பதன் எல்லையைக் கடந்தவர் என்ற புகழ் அவருக்கு இருந்தது. மாணவியின் பாடல்களைப் படிக்கும்போது அப்புகழ் பொருளுடையதாகின்றது.

அக்காளின் வரலாறாக வழங்குவதும் செவிவழிச் செய்தியே. செங்கோட்டையில் அந்தணர் குடியிற் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் மணம் செய்விக்கப்பட்டார். பூப்பெய்து முன்னரே கணவனை இழந்தார். அக்காலத்துக் கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்டவை யாவரும் அறிந்தனவே: மழித்த தலை, நிறமற்ற துணி, ஒருவேளை உணவு, மங்கல காரியங்களில் முகங் காட்டாமை. அவரைப் படிக்க வைத்தது ஊருக்குப் பிடிக்கவில்லை. ஐயாவாள் அவ்வூருக்கு வந்தபோது இப்பெண்ணுக்கு உபதேசம் செய்தார். அதன்பின் ஊரார் அவரை விலக்கி வைத்தனர்; அவர் யாத்திரையாகப் பல தலங்களுக்குச் சென்றார்; பின்னொரு காலத்து மீண்டு வந்தபோது அதே ஊர் அவரை ஞானியென ஏற்றது. இறுதியில் ஓர் ஆடி அமாவாசையன்று குற்றாலத்து மலைமேற் சென்றவர் திரும்பவில்லை என்பர். அடியார் வரலாறுகள் பலவற்றுக்கு உரிய அச்சு இதிலும் காணப்படுகின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. விதவைக் கோலமும் ஊர்விலக்கும் மட்டும் புனைந்துரைத்து வந்தவையல்ல என்பதற்கு அவருடைய பாடல்களே சான்று. அவற்றிற் காணும் சினம் கற்பனைச் சினமன்று.

அவர் பாடியவற்றுள் வேதாந்தக் கும்மி, சூடாலைக் கும்மி, வேதாந்த அம்மானை, ஞானக் குறவஞ்சி, வித்தை சோபனம், கிளிக்கண்ணி, ‘வேதாந்தப் பல்லி’, ‘வேதாந்த ஆச்சே போச்சே’ என்பன பெயர்பெற்றவை. இப்பெயர்களைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கும்மியும் அம்மானையும் சோபனமும் யாருடைய பாடல்கள்? வீட்டு முற்றத்திலும், திருமண வீட்டின் பின்கட்டிலும், மத்தியானத்து ஓய்விலும் பெண்கள் தம்முள்ளே பாடிக்கொள்பவை. பண்டிதர் அவற்றை இலக்கியமென எண்ணியதில்லை. அவற்றினுள்ளே அக்காள் வைத்த பொருளோ அத்வைத வேதாந்தம். அது வடமொழியில், வேதம் ஓதும் உரிமையுடைய ஆடவர் மட்டும் குருமுகமாகக் கற்றது. பெண்ணுக்கும் நான்காம் வருணத்தாருக்கும் மறுக்கப்பட்டது. பூட்டிய அறையிலிருந்த பொருளைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார் அக்காள். சுவரிற் பல்லி சொல்லும் சொல்லுக்குப் பலன் பார்ப்பது பெண்கள் வழக்கம். அப்பல்லியின் வாயில் வேதாந்தத்தை வைத்தார். குறி சொல்லும் குறத்தியின் வாயிலும் அதையே வைத்தார்.

தீட்டு என்னும் கருத்தை அவர் எதிர்கொண்ட முறை தனியே எடுத்துப் பேசத்தக்கது. மாதவிலக்கைத் தீட்டெனக் கூறி மூலையில் ஒதுக்குவோரை நோக்கி அவர் எழுப்பும் வினா எளியது: எந்தப் பொருளைத் தீட்டு என்கின்றீரோ அப்பொருளே திரண்டன்றோ மனித உடல் உருவாகின்றது? அங்ஙனமாயின் வேதியர் உடலும் அதனால் ஆனதே. தீட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது? எச்சில் என்பதையும் அவர் இவ்வாறே கேட்கின்றார். பால் கன்றின் எச்சில். தேன் வண்டின் எச்சில். ஆற்றுநீர் மீனின் எச்சில். ஓதப்படும் மறையோ ஓதுவோர் நாவின் எச்சில். சித்தர் பாடல்களைப் பயின்றோருக்கு, சிறப்பாகச் சிவவாக்கியரைப் பயின்றோருக்கு, இவ்வாதம் புதிதன்று. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சித்தர் தீட்டைப்பற்றிப் பேசும்போது பிறருடைய நிலையைப் பேசினர். அக்காள் பேசியது மூலையில் இருத்தப்பட்டவளின் நிலையிலிருந்து.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். அங்கு 16ஆம் நூற்றாண்டிலே திருமறை தாய்மொழியில் அச்சேறிப் பரவத் தொடங்கியது. எட்டாம் என்றி மன்னன் றோமத் திருச்சபையோடு உறவை முறித்தபின்னர், ஆங்கில வேதாகமம் கோயில்களில் வைக்கப்பட்டது. எல்லாரும் படித்துப் பொருள் சொல்லத் தொடங்கவே அரசு அஞ்சியது. 1543ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, பெண்களும் கைவினைஞரும் தொழில் பயிலுநரும் உழவரும் கூலியாட்களும் ஆங்கில வேதாகமத்தைப் படித்தல் ஆகாதெனத் தடுத்தது. உயர்குடிப் பெண்டிர் மட்டும் தனித்திருந்து தமக்குள்ளே படித்துக்கொள்ளலாம். பிறர்க்குப் படித்துக் காட்டலாகாது. பெண்ணையும் உழைப்போரையும் ஒரே வரியில் நிறுத்தி மறையிலிருந்து விலக்கும் வழக்கம் எம் நாட்டுக்கு மட்டும் உரியதென எண்ணியிருந்தோர் இச்சட்டத்தை ஒருமுறை படித்தல் நன்று. என்றி இறந்ததும் 1547இல் அது நீக்கப்பட்டது. எனினும் திருச்சபையிற் பெண் மௌனமாயிருத்தல் வேண்டும் என்ற பவுல் அடிகளாரின் கட்டளையை எந்த அரசும் நீக்க இயலாதன்றோ.

சட்டம் நடைமுறையில் இருந்தபோதே அதனை மீறியவர் ஆன் அஸ்கியூ. லிங்கன்சயர் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்த இப்பெண், வேதாகமத்தைப் படித்துத் தாமே பொருள் கண்டார். திருப்பலி அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுகின்றது என்பதை ஏற்க மறுத்தார். இலண்டன் கோட்டையில் உடலை இழுத்து வதைக்கும் பொறியில் அவரை இட்டனர். மூட்டுகள் நெகிழ்ந்து நடக்க இயலாத நிலையில், நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்று 1546ஆம் ஆண்டு யூலை மாதம் ஸ்மித்பீல்ட் வெளியில் எரித்தனர். வயது ஏறக்குறைய 25. விசாரணையில் தம்மைக் கேட்டனவும் தாம் கூறியனவும் அவர் எழுதி வைத்திருந்தார். ஜோன் பேல் என்பார் அவற்றை வெளிநாட்டில் அச்சிட்டுப் பரப்பினார். குறுக்கு விசாரணை செய்தோரை அப்பெண் மடக்கும் திறம் வியத்தற்குரியது. வினாவுக்கு வினாவையே விடையாகத் தருவார். சிலபோது புன்னகையோடு மௌனமாயிருந்ததையும் குறித்து வைத்தார்.

அதே காலத்தில் அரண்மனையிலும் ஒரு பெண் எழுதினார். என்றியின் ஆறாம் மனைவி கதரின் பார் தொகுத்த செபநூல் 1545இல் வெளிவந்தது. ஆங்கிலத்திற் பெண்ணொருவர் தம் பெயரிட்டு அச்சேற்றிய முதல் நூல் அதுவே என்பர். ‘பாவியின் புலம்பல்’ என்னும் அவரது இரண்டாம் நூல் 1547இல், கணவன் இறந்த பின்னரே வெளிவந்தது. அக்கால ஒழுங்கு புரிந்தோர்க்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. 1560இல் வெளியான, ஆன் லொக் இயற்றியதெனக் கருதப்படும் சங்கீதம் 51 பற்றிய கவிதை வரிசை, ‘சொனெற்’ எனும் 14 அடிப் பாவால் ஆங்கிலத்தில் அமைந்த முதற்றொடர் என மதிக்கப்படுகின்றது. சேர் பிலிப் சிட்னி 1586இல் இறந்தபோது 43 சங்கீதங்களைச் செய்யுளாக்கியிருந்தார். எஞ்சிய 107ஐயும் முடித்தவர் அவர் தங்கை மேரி சிட்னி. தமையன் பெயரால் அறியப்படும் பணியிற் பெரும்பங்கு தங்கையுடையது. அது கையெழுத்துப் படியாகவே உலவி 1823இலேதான் அச்சேறியது.

எழுதுதற்குத் தமக்கு உரிமை யாது என்ற வினா இவர்கள் ஒவ்வொருவர் முன்னும் நின்றது. மொழிபெயர்ப்பு, செபம், சாட்சியம், தாய் பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரை என்பன அனுமதி பெற்ற வாயில்கள். டொறதி லீ என்னும் கைம்பெண் தம் புதல்வர்க்கு எழுதிய ‘தாயின் ஆசி’ 1616இல் வெளிவந்து பலமுறை மறுபதிப்புப் பெற்றது. மகனுக்குக் கூறும் அறிவுரையை ஊரெல்லாம் வாங்கிப் படித்ததெனின், அது மகனுக்கு மட்டும் கூறியதன்று என்பது எழுதியவர்க்கும் தெரிந்திருக்கும்.

எமிலியா லானியர் இவ்வாயில்களைக் கடந்து ஓர் அடி முன்வைத்தார். வெனிசு நகரிலிருந்து வந்து ஆங்கில அரண்மனையில் இசைவாணராகப் பணிபுரிந்த பசானோ குடும்பத்தில் 1569இல் அவர் பிறந்தார். செல்வமில்லை; பெருங்குடிப் பிறப்புமில்லை. 1611ஆம் ஆண்டு கிறிஸ்துவின் பாடுகளைப் பொருளாகக் கொண்ட நீண்ட கவிதையொன்றை இலத்தீன் தலைப்போடு வெளியிட்டார். நூன்முகத்திற் பல சீமாட்டிகளுக்குத் தனித்தனியே காணிக்கைப் பாக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் ஆடவர்க்கு உரியதன்று. ஆதரவு நாடிய புகழ்ச்சி அவற்றில் மிகுதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். படிக்கும்போது சில இடங்களிற் சலிப்பும் உண்டாகின்றது. நூலின் உயிர் வேறோர் இடத்தில் உள்ளது.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 27ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு வசனத்திற் பெண்ணொருத்தி வந்து போகின்றாள். ஆளுநன் பிலாத்து நியாயாசனத்தில் இருக்கையில், அந்த நீதிமானை ஒன்றும் செய்யவேண்டாம், அவர் பொருட்டுக் கனவிலே துன்புற்றேன் என அவன் மனைவி ஆளனுப்பிச் சொல்கின்றாள். அவள் பெயரைக்கூட மறைநூல் கூறவில்லை. கணவன் கேட்கவில்லை, கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்டார். இவ்வொரு வசனத்தை லானியர் பிடித்துக்கொண்டார். பெயரற்ற அம்மனைவியின் வாயில் ஒரு நீண்ட வழக்குரையை வைத்தார். அவ்வுரை ஏவாளுக்காக வாதாடுகின்றது. ஏவாள் கனியை உண்டது அறியாமையால். ஆதாமுக்குக் கொடுத்தது அன்பினால். ஆதாமோ இறைவனின் கட்டளையை நேரே கேட்டவன், வலியவன். அவன் ஏன் மறுக்கவில்லை? அக்குற்றத்தைக் காட்டிப் பெண்ணை ஆண்டாண்டு காலம் அடக்கினீர். இன்று நீர் செய்யப்போவதோ இறைமகனைக் கொல்லும் குற்றம். இதனோடு ஒப்பிட ஏவாளின் குற்றம் எம்மாத்திரம்? ஆதலின் எம் உரிமையை எமக்கு மீளத் தருக. அக்கால ஆங்கிலத்தில் இதனினும் துணிந்த வேண்டுகோளைப் பெண்ணொருவர் அச்சிலே வைத்ததாக யான் படித்ததில்லை. இத்துணிவு முழுவதும் மறைநூலை மறுத்தமையால் வந்ததன்று. அதனை மற்றையோரினும் நுணுகிப் படித்தமையால் வந்தது.

இப்போது செங்கோட்டைக்கு மீள்வோம். அக்காள் தம் கும்மிக்கு எடுத்துக்கொண்ட சூடாலை யார்? யோகவாசிட்டம் என்னும் வடமொழிப் பெருநூலில் வரும் அரசி அவள். வீரை ஆளவந்தார் அதனை ஞானவாசிட்டம் எனத் தமிழாக்கினார். சிகித்துவசன் என்னும் மன்னனும் சூடாலையும் ஆத்ம விசாரணையில் ஈடுபடுகின்றனர். மனைவி முதலில் ஞானம் பெறுகின்றாள். தான் பெற்றதைக் கணவனிடம் கூறுகின்றாள், அவன் நகைக்கின்றான். பெண் பேதைமையாற் பிதற்றுகின்றாள் என எண்ணி, ஞானத்தைத் தேடிக் காட்டுக்குப் போகின்றான். சூடாலை நாட்டைத் தானே ஆண்டுகொண்டு, அவன் பக்குவம் அடையும்வரை காத்திருந்து, பின்னர்க் கும்பன் என்னும் அந்தணச் சிறுவனாக உருமாறிக் காட்டுக்குச் செல்கின்றாள். அரண்மனையில் மனைவி கூறியபோது நகைத்தவன், காட்டில் அந்தணன் கூறும்போது கைகட்டிக் கேட்கின்றான். சொன்னதோ ஒன்றே. துறக்கவேண்டியது நாட்டையும் மனைவியையும் அன்று, ‘நான்’ என்னும் எண்ணத்தை என்ற உண்மை அவனுக்கு விளங்கிய பின்னரே அவள் தன் உருவைக் காட்டுகின்றாள்.

ஆயிரக்கணக்கான சுலோகங்கள் கொண்ட யோகவாசிட்டத்திலே எத்தனையோ கதைகள் உள்ளன. விதவைக் கோலத்திலிருந்த பெண்ணொருவர் தெரிந்தெடுத்தது இக்கதையை. மறைநூலில் எத்தனையோ பாத்திரங்கள் உள்ளன. லானியர் தெரிந்தெடுத்தது பிலாத்துவின் மனைவியை. இருவரும் தெரிந்துகொண்ட பெண், உண்மையை முதலில் அறிந்தவள்; அதனைக் கணவனுக்கு உரைத்தவள்; கணவன் செவிகொடாதவன். இவ்வொற்றுமை தற்செயலானது என எனக்குத் தோன்றவில்லை. தாமாக ஒன்றைக் கூறினால் எவரும் கேளார் என்பதை அறிந்த புலவர், எல்லாரும் வணங்கும் நூலினுள்ளே ஏற்கெனவே பேசி நிற்கும் பெண்ணைத் தேடுகின்றார். அவளைப் பேச வைப்பது புதுமையாகாது, மரபாகும். சமயம் இப்பெண்களுக்கு அடக்கும் கயிறாக இருந்த அதே வேளையில் ஏறும் கயிறாகவும் இருந்த வகை இதுவே.

வேற்றுமையையும் மறைத்தல் தகாது. லானியர் கேட்டது இவ்வுலகில் உரிமை. அக்காள் தந்த விடை, உடலே பொய். ஆன்மாவுக்கு ஆண் பெண் இல்லை. கைம்மையும் இல்லை என்பது. இவ்விடை கைம்பெண்ணின் நெஞ்சை நிமிர்த்தியிருக்கும். அவள் தலைமயிரை மீட்டுத் தந்திராது. வேதாந்தம் விதவையைத் தேற்றியதேயன்றி விடுவிக்கவில்லை எனக் கூறுவோருக்கு நான் முழுதும் மறுப்புச் சொல்ல மாட்டேன். எனினும், அவர் பாடல்களிற் கோலத்தாலும் குலத்தாலும் தம்மைப் பெரியோராக எண்ணும் பண்டிதரைக் குத்தும் நகை நிறைய உண்டு. உலகம் வெறும் பொய்த்தோற்றமே என முற்றும் துணிந்தவர்க்கு அத்துணை நகை வேண்டியதில்லை.

இருவர் பாடலும் எம்மை வந்தடைந்த வழி வேறுபட்டது. இங்கிலாந்தில் 1476இல் கக்ஸ்ரன் அச்சுப் பொறியை நிறுவினார். 1641இல் நட்சத்திர மன்றம் ஒழிக்கப்பட்டு அச்சுத் தணிக்கை தளர்ந்ததும், நூல்கள் வெள்ளமெனப் பெருகின; தீர்க்கதரிசனம் உரைத்த அன்னா திறப்னெல் போன்ற பெண்களின் உரைகளும் அவற்றுள் அச்சேறின. குவேக்கர் சபையைச் சார்ந்த மாகிரற் பெல், லங்காஸ்ரர்ச் சிறையிலிருந்தபோது, பெண் சபையிற் பேசுதல் மறைக்கு ஒத்தது என நிறுவும் நூலை 1666இல் வெளியிட்டார். அச்சேறியது அழியாது என்றும் கூறலாகாது. ஆன் கொலின்ஸ் என்பாரின் தெய்வீகப் பாடல்கள் 1653இல் அச்சாயின. இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. அந்த ஒன்றும் கறையானுக்கு இரையாகியிருப்பின் அப்பெயரே இல்லை.

தமிழகத்திலே 1713இல் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது. அது சமயம் பரப்புநரின் கையில் இருந்தது. இந்தியர் தடையின்றித் தாமே அச்சகம் நடத்தும் நிலை 1835இன் பின்னரே உண்டாயிற்று. அக்காளின் பாடல்கள் அதனால் ஏட்டையோ அச்சையோ நம்பியிருக்கவில்லை. பெண்களின் நினைவை நம்பியிருந்தன. திருநெல்வேலிச் சீமையின் அந்தணர் வீடுகளிலே, சிறப்பாகக் கைம்பெண்கள் நாவிலே, அவை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. பின்னர் சிலர் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டனர். 20ஆம் நூற்றாண்டில் அன்பர் சிலர் வீடு வீடாகத் திரட்டியபோது பாடபேதங்கள் பல தோன்றின. எது அக்காள் பாடியது, எது பாடிப் பாடிச் சேர்ந்தது எனப் பிரிப்பது எளிதன்று. ஒரு வகையில் அப்பாடல்களைப் பேணிய கைம்பெண்கள் அனைவரும் அவற்றின் ஆசிரியர்களே.

இவ்விருவர்க்கும் பிற்காலத்து நேர்ந்த ஒன்று சிந்திக்கத்தக்கது. லானியர் மீண்டும் உலகுக்குத் தெரியவந்தது தம் நூலாலன்று. 1973இல் ஏ. எல். றௌஸ் என்னும் வரலாற்றாசிரியர், சேக்ஸ்பியர் பாடிய கருநிறக் காதலி இவரே எனக் கூறினார். அதற்குச் சான்று போதாதெனப் பலர் மறுத்தனர். ஆயினும் இன்றும் அவர் பெயரைக் கேட்டவுடன் சிலர் நினைப்பது அதனையே. ஆவுடையக்காளைப்பற்றிப் பேசத் தொடங்குவோரும், பாரதியார் அவர் பாடல்களைத் தம் குடும்பப் பெண்கள் வாயிலாகக் கேட்டிருந்தார் என்றே பெரும்பாலும் தொடங்குவர். பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையம் செங்கோட்டைக்கு அணித்தே உள்ளது. அங்ஙனம் கேட்டிருத்தல் கூடும். ஆயின், ஒரு பெண்ணின் பாடலைப் படிப்பதற்கு அதனை ஓர் ஆடவர் கேட்டார் என்பது காரணமாக வேண்டுமா?

இலங்கையில் இவ்வகை எழுத்தின் தொடர்ச்சியைத் தேடினால், முதலில் யாழ்ப்பாணத்தில் நிற்போம். அமெரிக்க மிசனரிமார் 1824இல் உடுவிலிற் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினர். 1914இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய ‘நொறுங்குண்ட இருதயம்’ வெளிவந்தது. ஈழத்துத் தமிழ்ப் பெண்ணொருவர் எழுதிய முதல் நாவல் அது. கணவனாற் துன்புறும் பெண்ணொருத்தியின் கதை. கிறிஸ்தவ நம்பிக்கையே அதன் உயிர். அதன் தலைப்பிலுள்ள தொடர் தமிழ் வேதாகமத்தில் எங்கே வருகின்றது எனத் தேடியவர், சங்கீதம் 51இல் வந்து நிற்பர். 1560இல் இலண்டனில் ஆன் லொக் எடுத்துக்கொண்ட அதே சங்கீதம். 350 ஆண்டும் இரு கண்டமும் கடந்து, பேச விரும்பிய பெண் அதே கதவைத் தட்டியிருக்கின்றாள்.

எங்கள் மட்டக்களப்பிலோ இக்கதவு கண்ணகியம்மன் கோயிலில் உள்ளது. வைகாசித் திங்களில் காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களிலே திருக்கதவு திறந்து, கண்ணகி வழக்குரை காவியம் படித்துக் குளிர்த்தி பாடி முடிப்பர். பண்டிதர் வி. சீ. கந்தையா அக்காவியத்தை 1968இற் பதிப்பித்தார். சூடாலை காட்டிலே தனித்து உரைத்தாள். பிலாத்துவின் மனைவி ஆளனுப்பி உரைத்தாள். எங்கள் அம்மனோ அரசவையில் நின்று, மன்னன் முகத்துக்கு நேரே வழக்குரைத்தவள். தாய்வழிக் குடிமுறையும், வீடு வளவு பெண்ணுக்குச் சேரும் வழக்கமும் உள்ள நாடு இது. அவ்வாறிருந்தும் கோயிலில் அவ்வழக்குரையைப் படிப்போர் ஆடவர். பெண்கள் சுற்றியிருந்து கேட்பர். உரிய இடத்திற் குரவையிடுவர். பெண்கள் தாமே படிப்பவை தாலாட்டும் ஒப்பாரியும் ஊஞ்சற் பாட்டும் வயற்பாட்டும். அவை கோயிலுக்கு வெளியே நிற்பவை.

செங்கலடியைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து வரும் மாணவரிடம், வீட்டில் மூத்த பெண்கள் பாடும் பாடல்களை எழுதிவருமாறு ஒருமுறை கேட்டேன். 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வில் ஏடும் கொப்பியும் போனதென்றே பல வீடுகளிற் கூறியிருக்கின்றனர். ஆயினும் நினைவிலிருந்து வந்தவை ஒரு கொப்பி நிறைய இருந்தன. ஒரு மாணவி கொண்டுவந்த ஒப்பாரியில், இறந்த மகனுக்காக அழும் தாய் தன் வழக்கை அம்மனிடமே வைக்கின்றாள்: நீ உன் கணவனுக்கு நியாயம் கேட்டாயே, என் பிள்ளைக்கு யாரிடம் கேட்பேன் என்ற பொருள்பட வருகின்றது. யார் பாடியது என மாணவியிடம் கேட்டேன். அம்மம்மாவின் தாயார் படித்தது என்றாள். பெயர் கேட்டேன். அறிந்துவருவதாகக் கூறிச் சென்று, மறுநாள் ஒரு சிறு துண்டில் எழுதிக் கொண்டுவந்தாள். அப்பெயரைக் கொப்பியில் அப்பாடலின் மேலே மையால் எழுதி வைத்தோம்.